சுகந்தினிக்கு ஒரு கல்வீடு

ஸ்கந்தபுரம்,
2025 பெப்ரவரி 11

பூவரசங்குளம் ஞானேஸ்வரிக்கு அன்னபாக்கியம் எழுதுவது.

உங்கள் மகள் சுகந்தினி என் மருமகளாய்ப் போனதால் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் ஒரு தபால் முத்திரையை வீணாக்க மாட்டேன். இளையவன் வினோதனின் போனுக்கு நீங்கள் திரும்பத் திரும்ப எடுத்ததாக அவன் சொன்னான். நான் வாங்கவில்லை. இனி உங்கள் குரலை என் காதால் கேட்பதில்லை என்று பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணிவிட்டேன். எழுதுவதைப் பற்றிப் பிள்ளையாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. படித்தது மூன்றாம் வகுப்புத்தான். ஏசுவதற்கு அது காணும்.

வீட்டுத்திட்டப் பட்டியலைப் பிரதேச செயலகக் கந்தோர்ப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். கல்வீடு கிடைத்த ஆட்களில் சுகந்தினியின் பெயர் இல்லை. திருத்த வேலைப் பட்டியலில்தான் இருக்கிறது. கூரைக்குத் தகரமும் ஒரு மலசலகூடமும் கொடுப்பார்களாம். புருஷனைச் சாகக் கொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு என் வளவின் பின்பக்கத்து மண்கொட்டிலில் கிடக்கிறவளுக்குத் தகரம். பக்கத்து வளவுத் தில்லைநாதனின் மகளுக்குக் கல்வீடு. அவளுடைய புருஷன் உயிரோடு மோட்டார் சைக்கிளில் திரிகிறான்.

ஏன் இப்படி வந்தது? பார்வையிட வந்த அன்றைக்கு நீங்கள் இங்கே நின்றபடியால் வந்தது.

நான் முதல் நாளே சுகந்தினிக்குச் சொல்லி வைத்தேன். "பிள்ளை, ஒண்டையும் ஒதுக்காதை. ஒழுகிற இடத்தில வைக்கிற சட்டியள் அப்பிடியே கிடக்கட்டும். ஆட்டை உள்ளுக்குக் கட்டு. கிடுகுக் கூரைக்கு மேல கிடக்கிற கிழிஞ்ச தறப்பாள் வடிவாத் தெரியவேணும்." அவளும் ஓம் என்றாள். நான் கிளினிக்குக்குப் போய் வருவதற்குள் நீங்கள் நிலம் மெழுகி, கோலம் போட்டு, தில்லைநாதன் வீட்டில் கதிரைகள் இரவல் வாங்கி, மேசைக்கு விரிப்பு விரித்து, பிள்ளைகளுக்குத் தீபாவளிச் சட்டை போட்டு நிறுத்தி வைத்திருந்தீர்கள். வந்தவர்களுக்குச் சோடா, கிறீம் பிஸ்கற். அது போதாதென்று மூலையில் ஒரு மின்விசிறி. கொட்டிலுக்குக் கரண்ட் இல்லையே, ஞானேஸ்வரி! அந்த உத்தியோகப் பெடியன் விசிறியைப் பார்த்தான், பிறகு குனிந்து எழுதினான். நான் படலையில் நின்று அவனுடைய பேனை ஓடியதைக் கண்டேன்.

வீடு இல்லை என்று காட்டத்தான் அவர்களை வரவழைத்தது. நீங்கள் வீடு இருக்கிறதென்று காட்டி அனுப்பிவிட்டீர்கள்.

அன்னபாக்கியம்


பூவரசங்குளம்,
2025 மார்ச் 2

சம்மந்தியம்மாவுக்கு ஞானேஸ்வரியின் வணக்கமுங்க.

உங்கள் கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் மூக்கன் வாசிக்கச் சொன்னார். பாதியைத்தான் வாசித்துக் காட்டினேன். மீதியைக் கேட்டிருந்தால் மூக்கனுக்குப் பிரஷர் ஏறியிருக்கும்.

செய்தது நான்தானுங்க. இல்லையென்று சொல்லவில்லை. ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

கலியாணம் பேச எங்கள் வீட்டுக்கு வந்தீர்களே, அன்றைக்கு உங்களுக்குப் புதுப்பாய் விரித்தோம். நீங்கள் உட்காரவில்லை. வாசலிலேயே நின்று தேத்தண்ணியை வாங்கினீர்கள். பேச்செல்லாம் முடியும் வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் செவ்வந்திச் செடிக்கு ஊற்றினீர்கள். போகும்போது உங்கள் அண்ணனிடம் சொன்னீர்கள். "இருக்க ஒரு கதிரை இல்லாத சனத்திட்டைப் போய் என்ரை பெடியன் விழுந்திட்டான்." நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அந்த நேரம் நீங்களும் முகாமிலிருந்து தறப்பாளோடு வந்து இறங்கியவர்கள்தானே, சம்மந்தியம்மா? உங்கள் கல்வீடெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதானே?

அன்றையிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் தேடுவது கதிரையைத்தானுங்க. உங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற சனம் முழுக்கப் பார்க்கிற நாளில் என் மகளை மறுபடியும் அந்தச் சொல்லுக்குக் கீழே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து லொறியில் கொண்டு வந்து எங்களை இந்தக் காட்டோரத்தில் இறக்கியபோது நான் சின்னப் பிள்ளை. இன்று வரைக்கும் நாங்கள் இருக்கிற காணிக்கு ஒரு கடுதாசி கிடையாது. கடுதாசி இல்லாதவனுக்கு எந்தத் திட்டமும் கிடையாது. வீடு பார்க்க ஓர் ஐயா வருவார், அவருக்கு ஓட்டையைத்தான் காட்ட வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பெரிய மனுசர் வந்தால் மெழுகி வைக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கோபிக்காமல் இன்னொன்றுக்கும் பதில் சொல்லுங்க. உங்கள் கல்வீட்டில் இரண்டு அறை இருக்கிறதே. நிரஞ்சன் மாப்பிள்ளை போன பிறகு சுகந்தினியை ஏன் உள்ளே கூப்பிடவில்லை?

ஞானேஸ்வரி


ஸ்கந்தபுரம்,
2025 மார்ச் 14

ஞானேஸ்வரிக்கு,

தேத்தண்ணியை ஊற்றியது செவ்வந்திக்கு இல்லை, துளசிக்கு. அதில் எறும்பு கிடந்தது. நடந்ததைச் சொல்வதென்றால் நடந்தபடி சொல்ல வேண்டும்.

என் வீட்டில் ஓர் அறையில் இளையவன் வினோதனும் ராஜினியும் அவர்களுடைய பிள்ளைகளும். மற்றதில் நானும் நெல்மூட்டையும். இதற்குள் யாரைக் கூப்பிட?

அதை விடுங்கோ. சுகந்தினியோடு எனக்குள்ள கோபம் வேறை. நிரஞ்சனுக்குச் சிறுநீரகம் பழுது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு ஒரு மாரிகாலம் முழுக்க அவள் எனக்கு மறைத்தாள். "அவர்தான் மாமி, அம்மாவுக்குச் சொல்லாதை எண்டவர்" என்று செத்த வீட்டில் அழுதாள். அவன் சொல்லுவான். பெற்றவளுக்குச் சொல்ல வேண்டியது அவள். கால் இரண்டும் வீங்கி ஆஸ்பத்திரியால் வந்து அவன் படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் அவனுக்கு நாள் இருக்கவில்லை. அன்று தொட்டு அவளோடு தேவைக்கு மட்டும்தான் கதை.

ஆனால் பிள்ளைகள் லக்ஷனும் சிவதர்சினியும் என் இரத்தம். அவர்களுக்கு வீடு வேண்டும். ஆட்சேபனை இருந்தால் கூட்டம் வைத்துக் கேட்பார்களாம், கிராம சேவகர் சொன்னார். சாமான்கள் இரவல் என்று, கொண்டு வந்து வைத்த ஆளே வந்து சொல்ல வேண்டுமாம். தில்லைநாதன் வாய் திறக்க மாட்டான். தன் மகளின் பெயர் ஆடிவிடும் என்ற பயம். ஆனபடியால் நீங்கள் வந்து எல்லாச் சனத்துக்கும் முன்னால் "என் மகளிடம் ஒன்றும் இல்லை" என்று சொல்ல வேண்டும்.

மெழுகத் தெரிந்த கைக்கு அதைக் கலைக்கவும் தெரிய வேண்டும்.

அன்னபாக்கியம்


பூவரசங்குளம்,
2025 ஏப்ரல் 6

சம்மந்தியம்மாவுக்கு,

கூட்டத்துக்கு வந்து சொல்லிவிட்டேன். நீங்கள் வெளியே மரத்தடியில் சேலைத் தலைப்பைக் காதில் அடைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். அதனால் உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. சுகந்தினியும் முழுவதையும் சொல்லியிருக்க மாட்டாள்.

அன்றைக்கு வீடு பார்க்க வந்த அந்த ஐயா கேட்டார். "கதிரை இரவல் எண்டுறியள். மேசை?"

"அதுவும் இரவலுங்க."

"விசிறி?"

"இரவலுங்க."

"கரண்ட் இல்லாத கொட்டிலுக்கு விசிறி ஏனம்மா?"

"ஐயாமார் வேர்த்து விறுவிறுத்து வருவீங்க, மரியாதையா இருக்கட்டுமேன்னு வச்சேனுங்க."

சனம் சிரித்தது. பின்னால் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள். "பிள்ளையளும் இரவலோ எண்டு கேளுங்கோ ஐயா." அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. சுகந்தினி எழும்பினாள். என் மகள் நாலு பேருக்கு முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. "பிள்ளையள் என்ரை. மிச்சம் எல்லாம் இரவல். எழுதுங்கோ" என்றாள். அதோடு சிரிப்பு நின்றது.

ஐயா நல்லவர்தானுங்க. இந்தக் கட்டத்துக் கல்வீடுகள் எல்லாவற்றுக்கும் ஆள் போட்டாயிற்று, அடுத்த கட்டம் எப்போது வரும் என்று தனக்குத் தெரியாது என்றார். காணியில் குடியிருந்தால்தான் அதிலும் பெயர் வருமாம், கொட்டிலைப் பூட்டிவிட்டு எங்கேயும் போய்விட வேண்டாம் என்றார். ஆனால் திருத்த வேலையில் ஒன்றைக் கூட்டி எழுதினார். மண்சுவரை நாமே இடித்துக் கொடுத்தால் சீமெந்துக் கல்லும் மேசனும் தருவார்களாம். இடிக்கிற வேலை வீட்டுக்காரரின் பங்கு.

பட்டியலில் உள்ள மாதிரிக் கல்வீடு இல்லைதான். ஆனாலும் நாலு பக்கமும் கல்லு. தகரம் வந்ததும் சொல்லி அனுப்புங்க, சுவர் இடிக்க மூக்கன் அலவாங்கோடு வருவார்.

கூட்டம் முடிந்து நான் பஸ்ஸுக்கு நடந்தபோது உங்கள் ஒழுங்கைப் பெண்கள் என்னைக் காட்டி விசிறி விசிறி என்றார்கள். பரவாயில்லை. அவளுக்குச் சுவர் வரும்.

ஞானேஸ்வரி


ஸ்கந்தபுரம்,
2025 ஓகஸ்ட் 17

ஞானேஸ்வரிக்கு,

தகரம் போட்டாயிற்று. நல்ல தகரம், குறை சொல்ல மாட்டேன். போன கிழமை எதிர்பாராமல் ஒரு மழை பெய்தது. சுகந்தினி பழக்கத்தில் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுவில் நின்றாளாம். லக்ஷன் வந்து சொல்லிச் சிரித்தான். மலசலகூடமும் முடிந்தது. சிவதர்சினி உள்ளே போய்க் கொக்கியைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பாட்டெல்லாம் பாடுகிறாள். குமராகப் போகிற பிள்ளை இனிப் பற்றைக்குப் போகத் தேவையில்லை. கொடுத்தவர்கள் நல்லாயிருக்க வேண்டும்.

கல்லும் வந்து அடுக்கிக் கிடக்கிறது.

உங்கள் மனிசன் முந்தநாள் அலவாங்கோடு வந்தார். நான் விடவில்லை. அவர் சொல்லியிருப்பார். ஏன் என்பதை என் கையாலேயே எழுதுகிறேன்.

அந்தச் சுவர் நிரஞ்சன் எழுப்பியது. குளத்தடியில் மண் வெட்டி, வண்டிலில் ஏற்றி, தானே மிதித்துக் குழைத்தான். பாதிச் சுவரில்தான் கால் வீக்கம் தொடங்கியிருக்கிறது. வாளியைக் கவிழ்த்து இருந்துகொண்டு, சாரத்தால் காலை மறைத்து மிச்சத்தை அப்பினானாம். அதுவும் எனக்குப் பிறகுதான் தெரியும். அவனை எரித்தோம், சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தோம். படம் ஒன்று இருந்தது, அதுவும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அவன் செய்து வைத்தது என்று இந்த வளவில் அந்தச் சுவர் ஒன்றுதான் இருக்கிறது. காலமையில் எழும்பினால் நான் பார்ப்பது அதைத்தான்.

காணி என் பெயரில். என் காணியில் என் பிள்ளையின் சுவருக்கு அலவாங்கு போட விடமாட்டேன். மேலே நல்ல தகரம் இருக்கிறது, நனையாது. கல் பழுதாகிற சாமானில்லை. மாரி முடியட்டும், பார்ப்போம்.

அன்னபாக்கியம்


பூவரசங்குளம்,
2025 ஒக்டோபர் 19

சம்மந்தியம்மாவுக்கு,

சுகந்தினி போன் எடுத்தாள். "அம்மா, வடக்குச் சுவர் அடியில ஈரம் ஏறுது. தொட்டா மண் கையோட வருது" என்றாள். மாமியிடம் சொன்னாயா என்று கேட்டேன். "அவா என்னோட எங்கையம்மா கதைக்கிறா?" என்றாள்.

மேலே தகரம் இருந்தாலும் நிலத்தால் வருகிற தண்ணீருக்கு அது என்ன செய்யும்? கூரையில் விழுகிற மழை முழுவதும் சுவரடியில்தானே ஊற்றுகிறது. முன்பு கிடுகு இருந்தது. இப்போது தகரத்தின் பாரம் வேறு.

எனக்கும் நிரஞ்சன் பிள்ளை மாதிரித்தானுங்க. எங்கள் வீட்டுக்கு வந்தால் குசினிக்குள்ளேயே வந்து பலகையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் வீங்கிய காலோடு சுவரைக் கட்டினது பெண்டாட்டி பிள்ளை பத்திரமாகக் கிடக்கத்தானே? நாம் பார்த்துக் கும்பிடவா?

இங்கே வந்து இரு என்று மகளைக் கூப்பிட்டேன். "பூட்டிப்போட்டு வந்தா ஆளில்லை எண்டு எழுதிப்போடுவாங்கள் அம்மா, அடுத்த கட்டத்தில பேர் வராது" என்கிறாள். கந்தோரில் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டு ஆசை அவளை விடவில்லை.

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். மூக்கன் நாளைக்கே வருவார். சுவரை இடிக்க விடுங்க. அது முடியாதென்றால், மழை பிடிக்கிற நாளிலாவது அவளை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்க. நீங்கள் கூப்பிடாமல் அவள் வரமாட்டாள். அந்த ரோசம் என்னிடமிருந்து அவளுக்குப் போனது.

ஞானேஸ்வரி


ஸ்கந்தபுரம்,
2025 டிசம்பர் 14

ஞானேஸ்வரிக்கு,

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிவதற்கு முன்னம் எழுதக்கூடாது என்று ராஜினி சொன்னாள். எழுதுகிறேன். செத்த வீட்டில் பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என்னைப் பார்த்து, "அவளை ஏன் கூப்பிடல? வாயத் தொறந்து சொல்லுங்க" என்று கத்தினீர்கள். பிள்ளையாருக்குச் செய்த சத்தியமும் அதோடு போனது. சனத்துக்குள் நான் பதில் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி இதில் சொல்கிறேன்.

புயல் வந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் குளம் நிரம்பி வான் பாய்ந்து தண்ணீர் வளவுக்குள் ஏறியது. நான் வினோதனிடம், "ஓடிப்போய்ப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வா" என்றேன். அவன் போய் இரண்டையும் தூக்கினான். "அண்ணி, நீங்களும் வாங்கோவன்" என்று கேட்டிருக்கிறான். அவள், "மாமி என்னையும் வரச் சொன்னவாவோ?" என்று கேட்டாளாம். வினோதனுக்குப் பொய் வராது. "பிள்ளையளைக் கூட்டிவரச் சொன்னவா" என்றானாம். "அப்ப நீர் போம். நான் ஆட்டை அவிட்டுப்போட்டு வாறன்" என்றாளாம்.

பிள்ளைகளைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது சத்தம் கேட்டது. வடக்குச் சுவர் உள்பக்கம் விழுந்தது. அதற்கு மேல் கூரை. நாங்கள் கையால் தோண்டினோம். ஆடு அவிட்டபடி வேலியில் நின்றது.

நான் அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வரவேண்டாம் என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

மற்றது, வீட்டு விசயம். போன புதன்கிழமை அந்த உத்தியோகப் பெடியன் வந்தான். விழுந்து கிடந்ததைப் பார்த்தான். முழுச் சேதம் என்று எழுதினான். கல்வீடு தருகிறார்கள். இரண்டு அறை, விறாந்தை, குசினி. பிள்ளைகளின் பெயரில்.

ஆனால் பாதுகாவலர் ஒருவர் அவர்களோடு இந்தக் காணியில் குடியிருக்க வேண்டுமாம். நான் முன்னம் திட்டத்தில் வீடு எடுத்தவள், என் பெயர் வராது. வினோதன் என்னோடு அதே வீட்டில் இருப்பவன், அவனும் சரிவரான். முன்னம் ஒரு திட்டத்திலும் வீடு எடுக்காத உறவினர் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டான். இருக்கிறார்கள் என்று உங்கள் பெயரையும் மூக்கன் அண்ணையின் பெயரையும் சொன்னேன்.

பின்பக்கத்தில் கட்ட நான் விடவில்லை. முன் வளவில் ரோட்டோரத்து மேட்டைக் காட்டினேன். என் தோடை மரங்கள் நின்ற இடம், தறித்துவிட்டேன். காணிப் பெர்மிற்றில் எனக்குப் பிறகு லக்ஷனும் சிவதர்சினியும் என்று எழுதிக் கொடுத்தேன். "அப்ப எங்கடை பிள்ளையள் தெருவிலயோ?" என்று வினோதன் சட்டியை எறிந்து உடைத்தான். உனக்கு நான் இருக்கிற வீடு வரும் என்றேன். அவன் என்னோடு கதைப்பதில்லை.

செத்த வீட்டோடு நீங்கள் கூட்டிப்போன பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ. வந்து இருங்கோ. நீங்கள் வராவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

அன்னபாக்கியம்


பூவரசங்குளம்,
2026 ஜனவரி 9

சம்மந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இந்த முறை மூக்கனுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். அவர் எழும்பிக் காட்டுப்பக்கம் போனவர், பொழுதுபடத்தான் வந்தார்.

வரவேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லைதான். வா என்று சொன்னீர்களா? "சுகந்தினியையும்" என்று ஒரு சொல் கூட்டியிருந்தால் வாய் நொந்திருக்குமா? உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கும், செவ்வந்தியா துளசியா என்பது கூட நினைவிருக்கும். அந்த ஒரு சொல் மட்டும் அன்றைக்கு எப்படி மறந்தது?

சிவதர்சினி இங்கே சுவரோரம் படுக்கமாட்டாள். பாயை இழுத்துக்கொண்டு நடு வீட்டுக்கு வருகிறாள். மழை இருட்டினால் இரண்டு பேரும் வெளியே போய் நிற்கிறார்கள். நனைந்தாலும் உள்ளே வருவதில்லை. நம்பி உள்ளே படுக்கிறதற்கு அவர்களுக்கு ஒரு வீடு வேண்டும். அதை என்னால் இந்தக் காட்டோரத்தில் கட்டிக்கொடுக்க முடியாது.

கையெழுத்து வைக்கக் கந்தோருக்குப் போனேன். எங்கள் பெயரையும் ஒரு காணியின் பெயரையும் ஒரே கடுதாசியில் இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். ஒரு நிமிசம் சந்தோசம் வந்ததுங்க. மகள் செத்த காணியில் எனக்குச் சந்தோசம் வந்தது. அதற்காக என் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

வருகிற இருபதாந் தேதி, செவ்வாய்க்கிழமை, நாங்கள் வருகிறோம். மன்னித்துவிட்டு வருகிறேன் என்று நினைக்காதீங்க. நீங்கள் உயிரோடு இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு நாள் காலமையும் என் முகத்தில் முழிக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் வருகிறேன்.

ஞானேஸ்வரி


ஸ்கந்தபுரம்,
2026 ஜனவரி 15

சம்மந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழிக்கிறேன்.

செவ்வாய் வேண்டாம், புதன்கிழமை காலமை வெள்ளென வாருங்கோ. அன்றைக்குத்தான் சீமெந்து லொறி வருகிறது. லொறிக்காரன் ரோட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவான், வானமும் மூடிக்கொண்டிருக்கிறது. வினோதன் கோபத்தில் இருக்கிறான், இறக்க வரமாட்டான். மூக்கன் அண்ணை ஒரு பக்கம் பிடித்தால் மற்றப் பக்கம் நான் பிடிப்பேன்.

அன்னபாக்கியம்